ஸ்ரேசன் மாஸ்ரர் இல்லாத ஊர்

இருங்கோ பிள்ளை, இருங்கோ. அந்தக் கதிரை ஆடும், இதில இருங்கோ. ஜக்கற்றைக் கழட்டாதேங்கோ, ஹீற்றர் இப்பதான் போட்டது. என்ன, முகத்தைப் பாக்கிறியள்? பாருங்கோ பாருங்கோ, வெக்கப்படாதேங்கோ. வாயை இப்பிடி ஆவெண்டு திறந்தால் இன்னும் வடிவாத் தெரியும். மேல முன்பல்லு ஒண்டும் இல்லை. கீழயும் ரெண்டு போட்டுது. இந்தச் சொக்கையில போற கோடு காதடி வரைக்கும் போகும்.

நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து ஆள், ஐம்பது தாண்டினவர், முகத்தில வெட்டு. அப்ப ஷெல்லாத்தான் இருக்கோணும். இல்லாட்டி ஆமி. இல்லாட்டி இயக்கம். ரொறன்ரோவில படிச்ச பிள்ளையள் வந்தால் நான் முதல்ல ஒரு பெருமூச்சு விடவேணும். பிறகு யன்னலால வெளியில பாக்கவேணும். பிறகு மெல்லமா, "அப்ப எனக்குப் பதினேழு வயசு..."

பாத்தீங்களோ! கோப்பையைக் கீழ வச்சிட்டியள். கண்ணும் கலங்கப் பாக்குது.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை. ஷெல் இல்லை. ஆமி இல்லை. என்ர முகத்தை உடைச்சது ஒரு பொம்மை ரெயில்.

ஓம், பொம்மை ரெயில். சிரியுங்கோ. என்ன, சிரிக்கப்படாதோ? மொழிபெயர்ப்பாளர் சாட்சிக்காரனோட கதைக்கவே படாது எண்டு சட்டமோ? நல்ல சட்டம். நீங்கள் கதைக்க வேண்டாம். நாளைக்குக் கோட்டில நான் தமிழில சொல்லுறதை நீங்கள் இங்கிலிஷில சொல்லப்போறியள், அது நாளைக்கு. இண்டைக்கு வெளியில பனி கொட்டுது, இந்த ஊரில சோறு கறி கிடைக்கிற ஒரே இடம் இது, நீங்கள் சாப்பிட வந்தனீங்கள். நான் என்ர மனிசியின்ர கடையில என்ர மனிசியோட கதைச்சுக்கொண்டிருக்கிறன். அது உங்கட காதில விழுந்தால் நான் என்ன செய்ய?

அந்தா, அடுப்படியில நிக்கிறது வதனி. என்ர மனிசி. இப்ப அவ சொல்ல வாறது, "ரோல்ஸ் முடிஞ்சுது, கடலை வடை இருக்கு, சூடாக்கித் தரட்டோ?" பாருங்கோ பிள்ளை, வாயைத் திறந்தவ, நான் சொல்லிப்போட்டன், மூடிட்டா. கலியாணம் கட்டின நாள் தொட்டு இப்பிடித்தான். அவவுக்குக் கதைக்கிற கரைச்சலே இல்லை. அவவின்ர குரலை அவவைவிட நான் வடிவாச் செய்வன்.

குரல் செய்யிறது என்ர பிறவிக் குணம். தொழில் வேற. தொழில் உந்த இறைச்சி ஆலையில, தலைகீழாத் தொங்கி வாற மாட்டின்ர கழுத்தில கத்தி போடுறது. யோகேந்திரன் எண்டால் ஆலையில ஒருத்தருக்கும் தெரியாது. "யோகி, சுப்பவைசரைச் செய்து காட்டு" எண்டுதான் கேப்பாங்கள். செய்வன். சுப்பவைசர் பின்னால வந்து நிண்டாலும் நிப்பாட்டமாட்டன். அவர் இருமுவார். நானும் அவரின்ர இருமலை இருமுவன். எல்லாம் நேரத்தில இருக்கு பிள்ளை. ஒரு கண் இமைப்பு முந்தினாலும் சிரிப்பு வராது, பிந்தினாலும் வராது.

எனக்கு ஏன் மொழிபெயர்ப்பாளர் எண்டு யோசிக்கிறியள். எல்லாற்ற இங்கிலிஷும் எனக்கு வரும். பாதிரியாரின்ர இங்கிலிஷ், பொலிஸ்காரனின்ர இங்கிலிஷ், வானிலை வாசிக்கிற பெட்டையின்ர இங்கிலிஷ். என்ர இங்கிலிஷ் மட்டும் வராது.

சரி, வழக்குக்கு வாறன். வோல்ற்றர் எண்டு ஒரு கிழவன். எழுபத்திநாலு வயசு. போன ஒக்ரோபரில, மண்டபம் நிறைஞ்ச சனத்துக்கு முன்னால, பித்தளை எஞ்சினாலை என்ர முகத்தைக் கொத்தினவர். ஆயுதத்தாலை தாக்கினது எண்டு வழக்கு. உள்ள போடலாம் எண்டு அரசாங்க வக்கீல் சொல்லுறா. அந்த வயசில உள்ள போற ஆள் வெளியில வாறது பெட்டிக்குள்ளதான். எனக்கு அது விளங்காமல் இல்லை. கோவமும் இல்லை. ஆனா நான் சாமிக்குச் செய்த ஒரு காரியத்துக்காக என்ர பல்லை உடைச்சால் அதுக்குப் பேர் என்ன? சமய வெறி. அப்பிடித்தான் பொலிசுக்குச் சொன்னனான். ஒரு தேசிக்காயாலை வந்த வெறி.

தேசிக்காய்க்கு வாறன். அவசரப்படுத்தாதேங்கோ.

என்ன வதனி, சட்டியை உடைக்கிறீரோ கழுவுறீரோ?

வோல்ற்றரின்ர ஊர் ஹெப்டன். இங்கயிருந்து காரில போனால் கிழக்க ரெண்டு மணித்தியாலம். ஆனா போகாதேங்கோ, அங்க ஊர் இல்லை. புல்லும் காத்தும்தான். ரெயிலுக்காக முளைச்ச ஊர், ரெயில் நிண்டோண்ணை செத்துப்போச்சு. எங்கட பக்கம் சண்டைக் காலத்தில தண்டவாளத்தைக் கழட்டிப் பங்கர் கட்டினவங்கள். அவையின்ர பக்கம் கழட்டிப் பழைய இரும்புக்கு வித்தவங்கள். அதைச் சொல்லித்தான் நானும் அவரும் சிநேகிதமானது.

அந்த ஊரை அவர் தன்ர வீட்டு நிலவறைக்குள்ள கட்டி வச்சிருந்தவர் பிள்ளை. மரத்தாலயும் பிளாஸ்ரராலயும், ஒவ்வொரு பலகையும் தன்ர கையாலை. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்திநாலு, செப்ரெம்பர், கோதுமை வெட்டுற காலம். அண்டைக்கு அவருக்கு ஒன்பது வயசு. தானியக் களஞ்சியம் வரிசையா நிக்கும், எங்கட கோயில் கோபுரம் மாதிரி, ஆனா சிலை இல்லாமல், மொட்டையா, சிவப்பா. ஒரு ஹோட்டல், ஒரு சைனாக்காரத் தேத்தண்ணிக் கடை, தண்ணித் தாங்கி, ஸ்ரேசன். மனிசர் என்ர சின்னவிரல் உயரம். எஞ்சின் மட்டும் நல்ல பித்தளை, முழங்கை நீளம். தூக்கினால் பிறந்த பிள்ளையின்ர பாரம் இருக்கும். எனக்கு அந்தப் பாரம் வடிவாத் தெரியும், முகத்தாலை நிறுத்துப் பாத்தனான்.

அந்த ஊருக்கு ரெண்டு சட்டம். ஐம்பத்திநாலுக்குப் பிந்தின சாமான் ஒண்டும் உள்ள வரப்படாது, இது ஒண்டு. ஓடுற ரெயிலில கை வைக்கப்படாது, இது மற்றது. விசையைத் திருப்பித்தான் ஓட்டவேணும். கை வச்சால் கடவுள் கையை நீட்டின மாதிரியாம். வோல்ற்றரின்ர குரல்ல சொல்லுறன் கேளுங்கோ, மூக்காலை கதைப்பார், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கும்: "யோகி... ஹெப்டனுக்கு... கடவுள் வந்ததே இல்லை." நல்லா இருக்கோ? இன்னும் வடிவா வரும், பல்லிருந்தால்.

முதல் நாள் இதே கடையிலதான் சந்திச்சது. நான் ஆற்றையோ பிள்ளைக்கு யாழ்தேவி ரெயில் வாற மாதிரிச் செய்து காட்டிக்கொண்டு நிண்டன். கோப்பி குடிச்சுக்கொண்டிருந்த கிழவன் எழும்பி வந்து, "அது டீசல். நீராவி எஞ்சின் அப்பிடிக் கூவாது" எண்டவர். நான் விடுவனோ? "அப்ப எப்பிடிக் கூவும்?" எண்டன். அவர் செய்து காட்டினவர், கேவலமா. நான் திருப்பிச் செய்தன். நீளமா ரெண்டு, கட்டையா ஒண்டு, திரும்பவும் நீளம். பூஊஊ... பூஊஊ... பூ... பூஊஊஊ. கிழவன் அப்பிடியே மேசையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டுது.

அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நிலவறைதான். அந்த ஊரில எல்லாம் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. அவர் ஒவ்வொரு செத்த மனிசனையும் எனக்குச் சொல்லித்தந்தவர், நான் ஒவ்வொருத்தரையும் எழுப்பினன்.

எப்பிடிப்பட்ட ஊர் எண்டு நினைக்கிறியள்? பூவும் புல்வெளியுமோ? ரத்தம் பிள்ளை, ரத்தம். ஹோட்டலில சனிக்கிழமை பின்னேரம் உடைஞ்ச போத்தலோட ஒரு சண்டை, ஒருத்தன்ர காது அறுந்து பியர்க் கிளாசுக்குள்ள விழும். நான் மூண்டு குரல்ல செய்வன். விழுகிற சத்தமும் செய்வன், டுப்ளக். பிறகு ரெயில் பெட்டி கொழுவுற தொழிலாளி, ரெண்டு பெட்டிக்கு நடுவில மாட்டி இடுப்போட நசிஞ்சவன். பெட்டியள் சேந்து நிக்கிறவரைக்கும் உயிர் இருக்கும், பிரிச்சால் போயிடும். மனிசியைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால நிப்பாட்டியிருக்கிறாங்கள். அவன் சாதாரணமாக் கதைக்கிறான். "ஒரு சுருட்டு இருக்கோ? கோழிக்கூட்டைப் பூட்டினனீரோ?" அப்பிடித்தான் செய்யவேணும், சாதாரணமா. பிறகு ஒரு சின்ன இடைவெளி. பிறகு பெட்டி பிரியிற சத்தம்.

பாருங்கோ, கையை வயித்தில வச்சிட்டியள். அதுதான் நேரம்.

சைனாக்கார முதலாளியின்ர குரலுக்குத்தான் நிலவறைக்குப் பாக்க வாற சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். குடிவெறிகாரர் அவரின்ர யன்னலை உடைப்பாங்கள், அவர் கெஞ்சுவார், திரும்ப உடைப்பாங்கள். எல்லாரும் சிரிக்க வோல்ற்றர் மட்டும் சிரிக்கமாட்டார். "அந்தாள் என்னை அலுமாரிக்குக் கீழ ஒளிச்சு வச்சிருந்தவர், எத்தினையோ தரம்" எண்டுவார். நான் நினைச்சன், சின்னப்பிள்ளையள்தானே, ஒளிச்சுப் பிடிச்சு விளையாடியிருப்பினம்.

ஆனா பிள்ளை, அந்த ஊரில ஒரு பிழை இருந்தது. எனக்குப் பிழை கண்ணில குத்தும். ஸ்ரேசன் இருக்கு, மாஸ்ரர் இல்லை. கடிதப் பை தூக்கிறவன் இருக்கிறான், நாய் இருக்குது, நாய்க்கு முன்னால எலும்பு இருக்குது. ஸ்ரேசன் மாஸ்ரரைக் காணேல்லை. அந்தக் காலத்தில மாஸ்ரரின்ர குடும்பம் ஸ்ரேசனுக்கு மேல்மாடியிலதான் இருக்கும். எல்லா வீட்டு யன்னலிலயும் சின்ன லைற் எரியும், அந்த மேல்மாடி யன்னல் மட்டும் கறுப்பு மை பூசிக் கிடக்கும். "ஏன் வோல்ற்றர், பல்ப் முடிஞ்சுதோ?" எண்டன். விசையைத் திருப்பி ரெயிலை ஓட்டினவர். ஸ்ரேசன் மாஸ்ரர் ஆர் தெரியுமோ? இவரின்ர தகப்பன்!

சொந்தத் தகப்பனை விட்டுப்போட்டு நாய்க்கு எலும்பு வச்சிருக்கிற மனிசன். எங்கட ஆக்கள் செய்வினமோ?

கனநாள் கேட்டுக் கேட்டு, ஒரு ஞாயிறு விஸ்கி கொஞ்சம் உள்ள போன பிறகு, தகப்பன்ர குரலைச் செய்து காட்டினவர். ஒருக்காத்தான். ஒரே வசனம். கத்துற குரல் இல்லை பிள்ளை, கீழ்க்குரல், பொறுமையான குரல், சாப்பிட வா எண்டு கூப்பிடுற மாதிரி. செய்துபோட்டுத் தன்ர கையாலயே தன்ர வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில போய் இருந்தவர். வெறி எண்டால் அப்பிடித்தானே. அதைப்பற்றிப் பேந்து கதைக்கப்படாது எண்டவர். நானும் கதைக்கேல்லை.

ஒருக்காக் கேட்டால் எனக்குக் காணும். அடுத்த நாள் ஆலையில மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தாலை போகேக்க மெல்லமாச் செய்து பாத்தன். நம்பமாட்டியள். முட்டிக்கொண்டும் கத்திக்கொண்டும் நிண்ட மாடுகள் அப்பிடியே நிண்டுதுகள். தலையைக் கீழ போட்டுக்கொண்டு. ஒண்டும் அசையேல்லை. என்ர வாழ்க்கையில அவ்வளவு சரியா ஒரு குரலும் விழுந்ததில்லை.

சரி, ஒக்ரோபர். இந்த ஊரின்ர அறுவடைக் கொண்டாட்டத்துக்கு ஹெப்டனைத் துண்டு துண்டாக் கழட்டி மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டினம். வோல்ற்றர் ரெயில் ஓட்டுறார், நான் மைக்கோட குரல். ஊரே வந்தது. ஆலை ஆக்கள், பள்ளிக்கூடம், கிழடு கட்டை எல்லாம். அண்டைக்கு எங்களுக்கு விஜயதசமி. புது வாகனம் எடுத்தால் நாங்கள் என்ன செய்வம் பிள்ளை? பொட்டு வச்சு, சில்லுக்குக் கீழ தேசிக்காய் வச்சு நசிச்சுத்தான் எடுப்பம். வதனி தட்டோட வந்து நிண்டவ. நான் எஞ்சின்ர நெத்தியில குங்குமம் வச்சன். தண்டவாளத்தில தேசிக்காயை வச்சன். முழுத் தேசிக்காய். அதுதான் பிசகினது. எங்கட கணக்குக்கு அது தேசிக்காய். ஹெப்டன் கணக்குக்கு அது ஆளுயரப் பாறாங்கல். எஞ்சின் வந்து ஏறி, அப்பிடியே எழும்பி, பெட்டி எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு குப்புற விழுந்துபோட்டுது. குங்குமமும் புளித்தண்ணியும் பித்தளை முழுக்க.

அதுதான் காரணம். நாளைக்கு இந்த இடத்தில கொஞ்சம் நிப்பாட்டிச் சொல்லுங்கோ பிள்ளை. அதுதான் காரணம். கிழவன்ர உள்ளுக்குள்ள அப்பவே கொதிச்சிருக்குது. என்ர சாமி சாமானைத் தன்ர ஊருக்குள்ள கொண்டுவந்திட்டன் எண்டு.

ரெயிலைத் திரும்பத் தண்டவாளத்தில ஏத்தினது. நான் துவங்கினன். கூவல். ஹோட்டல் சண்டை. நசிஞ்ச மனிசன், பொம்பிளையள் அழுதவை. சைனாக்காரர், எல்லாரும் சிரிச்சவை. அப்பதான் நினைச்சன், இவ்வளவு சனம் வந்திருக்குது, ஊர் குறையா நிக்கப்படாது. அந்த ஒரு ஆளையும் நான் குடுப்பன். பரிசு மாதிரி. மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு ஸ்ரேசன் மாஸ்ரரின்ர குரல்ல ஒரு சின்ன அறிவிப்பு. ஒரு வசனம்தான். அதுக்கென்ன இப்ப?

என்ன வதனி? "மரவள்ளிக் கறி அவியுது, கொஞ்சம் பொறுங்கோ." அதுதானே? அதுதான்.

உடன வோல்ற்றர் விசைப்பெட்டியை விட்டிட்டு எழும்பினவர். எழும்பி, இடுப்பில கிடந்த பெல்ட்டைக் கழட்டினவர். கழட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தவர். பெல்ட்டோட! மண்டபம் முழுக்கப் பாத்தது. பொலிசுக்கு நான் எழுதிக் குடுத்ததில முதல் வரியே அதுதான்: பெல்ட்டைக் கழட்டிக்கொண்டு வந்தவர். நாளைக்கு அதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லுங்கோ.

பிறகு கொஞ்சம் அப்பிடி இப்பிடி. சனம் விளையாட்டெண்டு நினைச்சுச் சிரிச்சுக்கொண்டிருந்தது, அதாலை ஒருத்தரும் ஒண்டையும் வடிவாக் கவனிக்கேல்லை. இப்ப கேட்டாலும் அவைக்கு ஞாபகமில்லையாம். நிலத்தைப் பாக்கினம்.

பிறகு எஞ்சின்.

ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைப் பிள்ளை! கை வைக்கப்படாத எஞ்சினை! அப்பிடியே ரெண்டு கையாலயும் தூக்கி, சில்லுச் சுத்தச் சுத்த, முதல் அடி இதில. பல்லு போற சத்தம் வெளியில கேக்காது தெரியுமோ? மண்டைக்குள்ளதான் கேக்கும். கூரை ஓட்டை மிதிச்சு உடைச்ச மாதிரி. ரெண்டாம் அடி சொக்கையில, எஞ்சின்ர முன்னுக்கு மாட்டைத் தள்ளுற தட்டி ஒண்டு இருக்கும், கூரா, அது உள்ள போய் வெளியில வந்தது. மைக் இன்னும் என்ர கையிலதான். நான் கத்தின கத்து மண்டபத்தின்ர நாலு மூலையிலயும் கேட்டது. நல்ல ஸ்பீக்கர்.

மூண்டாம் அடிக்கு நான் ஹெப்டனுக்கு மேல விழுந்தன். ஒரு ஊருக்கு மேல விழுந்த மனிசனைக் கண்டிருக்கிறியளோ? ஹோட்டல் என்ர முதுகுக்குக் கீழ. களஞ்சியத்தின்ர முனை இந்த விலாவுக்குள்ள. தண்ணித் தாங்கியின்ர கம்பி உள்ளங்கையாலை ஏறிப் பின்பக்கம் எட்டிப் பாத்துது. அவர் மேசையில ஏறி, வயல் வழிய முழங்காலை ஊண்டி நடந்து வந்து அடிச்சவர். என்ர ரத்தம் பெரிய தெருவாலை ஓடித் தண்டவாளத்துக்குக் குறுக்க நிறைஞ்சுது. ரெண்டு தண்டவாளத்துக்கும் ரத்தத்தாலை கரண்ட் பாய்ஞ்சு ஊர் முழுக்க லைற் நூந்துபோச்சு. அந்த நேரத்திலயும் நான் நினைச்சன், அட, என்ன நேரம் பார்.

ஆலைப் பெடியள் நாலுபேர் பிடிச்சு இழுத்துத்தான் எடுத்தவங்கள். மாடு வெட்டுற பெடியள், அவங்களாலயே ஏலாமல் போச்சு. அடிக்கேக்க கிழவன் ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருந்தவர் பிள்ளை. எழுபத்திநாலு வயசு மனிசன்ர சத்தமில்லை. சின்னப் பெடியன்ர சத்தம். அதைத்தான் இன்னும் என்னாலை செய்ய முடியேல்லை. பல்லில்லாமல் காத்துப் போகுது. குளிக்கேக்க எல்லாம் செய்து பாக்கிறன்.

அதுக்குப் பிறகு அந்தாள் வாயே திறக்கேல்லை. பொலிசுக்கும் இல்லை, தன்ர வக்கீலுக்கும் இல்லை. ஏன் அடிச்சனீ எண்டு கேட்டால் யன்னலைப் பாப்பாராம். குற்றமில்லாதவன் எண்டால் கதைப்பான்தானே? வதனியையும் பொலிஸ் வந்து கேட்டது. இந்தக் கடையில வச்சுத்தான். அவவுக்கு இங்கிலிஷ் காணாது. அவ தமிழில துவங்கினவ, நான் இங்கிலிஷில சொல்லிப்போட்டன். அவவின்ர குரல்லயே. பொலிஸ்காரன் சிரிச்சுப்போட்டு எழுதிக்கொண்டு போனவன்.

என்ர நட்டம் என்னெண்டு ஆருக்கும் விளங்காது பிள்ளை. பல்லில்லை, அது கட்டலாம். இப்ப ஆலையில ஒருத்தரும் "யோகி, செய்து காட்டு" எண்டு கேக்கிறேல்லை. நான் சுப்பவைசரின்ர இருமலை இருமினால், "சுகமில்லையோ?" எண்டு கேக்கிறாங்கள். கன்ரீனில நான் போய் இருந்தால் மேசை மெல்லமா வெளிக்குது. ஒரு கிழவன் தேசிக்காயைக் கண்டு விசர் பிடிச்சு அடிச்சதுக்கு என்னை ஏன் தள்ளி வைக்கினம்? அதுதான் நாளைக்குக் கோட்டில தெரியவேணும். ஊரே வரும். அவை கேக்கட்டும். அவரைக் குற்றவாளி எண்டு ஒரு நீதவான் சொல்லட்டும். அப்ப தெரியும்தானே ஆரில பிழை எண்டு.

நீங்கள் ஒண்டு செய்யவேணும். சொல்லை மட்டும் மாத்தாதேங்கோ, என்ர இடைவெளியையும் வையுங்கோ. நான் "ஒரு தேசிக்காய்க்காக" எண்டு நிப்பாட்டினால் நீங்களும் நிப்பாட்டவேணும். அவை மூச்சு எடுக்கிற நேரம் பாத்து, "என்ர முகத்தை உடைச்சவர்." எங்க, ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ. சரி சரி, கதைக்கப்படாது. தலையை ஆட்டுங்கோ, காணும்.

அந்தா, அடுப்பை நூத்துப்போட்டு வாறா. இப்ப சொல்லப்போறா பாருங்கோ, கையைத் துடைச்சுக்கொண்டு, "பிள்ளை பசியோட இருக்குது, நீங்கள் கொஞ்சம் வாயை..."

— தேசிக்காய்க்கு அந்தாள் சிரிச்சவர்.

வதனி, இவ மொழிபெயர்ப்பாளர். கதைக்கப்படாது. சட்டம்...

— வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவர், பிள்ளை. சிரிச்சு, எஞ்சினைத் தானே தூக்கி வச்சுத் துடைச்சுப்போட்டு, எனக்கும் ஒண்டு வையுங்கோ எண்டு என்னட்ட வந்து நெத்தியைக் காட்டினவர். நான்தான் பொட்டு வச்சுவிட்டனான். அந்தப் பொட்டோடதான் இருந்தவர்.

"அவருக்கு அது பொட்டெண்டு தெரியாது..." வதனி, இதைத்தானே சொல்ல வாறீர், இதை...

— இல்லை. நான் சொல்லுறன். இவர் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு அந்தாளின்ர தகப்பன்ர குரல்ல கூப்பிட்டவர். "வோல்ற்றர், பெல்ட்டைக் கொண்டு வா." அந்தாள் கழட்டினது இவரை அடிக்க இல்லை, பிள்ளை. கழட்டி, ரெண்டா மடிச்சு, ரெண்டு கையாலயும் ஏந்திக்கொண்டு வந்து இவற்ற கையில குடுத்தவர். குடுத்துப்போட்டுத் திரும்பி, மேசையைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு நிண்டவர். காற்சட்டை நனைஞ்சுபோச்சு. இவர் ஓங்கி அடிச்சவர். சனம் சிரிச்சுது. சிரிச்சுது எண்டு இன்னொருக்கா அடிச்சவர்.